காரோணம் என்று ஒருத்தர்

கொரோனா வந்த 2020இல்தான் எங்கள் குடும்பத்தில் பலருக்கும் கொள்ளுத்தாத்தாவின் பெயர் நினைவுக்கு வந்தது. அவர் பெயர் காரோணம். ஊரடங்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அத்தை பையன் ஒருவன் அதை வைத்து வாட்ஸ்அப் குழுவில் கிண்டலாக ஏதோ போட, சாயங்காலத்துக்குள் அது பெரிய விவாதமாகிவிட்டது. "அது பேரே இல்லை, உத்தியோகம். அவர் ஊர்க் கணக்கு எழுதற கர்ணமா இருந்தவர், அது மருவிக் காரோணம் ஆயிடுச்சு" என்றார் சித்தப்பா. "கர்ணன்னு வச்சிருப்பாங்க, யார் வாயிலயும் நுழைஞ்சிருக்காது" என்றார் அண்ணி. "கும்பகோணத்துல அப்படி ஒரு சாமி இருக்கு" என்றான் ஒரு தம்பி. பெரியப்பா மட்டும் குழுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று பிற்பாடு தெரிந்தது.

அவர் என் அப்பாவின் தாத்தா. நன்னிலம் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அவரைப் பார்த்தவர்கள் இன்று யாரும் இல்லை, போட்டோவும் கிடையாது. மிஞ்சியிருந்தது அப்பாயி வைத்திருந்த டிரங்குப் பெட்டி ஒன்று. அதில் சில கிரயப் பத்திரங்கள், பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய ஒரு விடுதலைப் பத்திரம், நிலவரி கட்டிய கிஸ்தி ரசீதுகள், கயிறு கட்டிய ஜாதகக் கட்டு. போக்குவரத்து சரியானதும் ஊருக்குப் போய் அதைத் திறந்தேன். யாராவது இதே மாதிரி தேடத் தொடங்கினால் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் பெட்டியில் இருக்கிற எல்லாவற்றையும் வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் வைத்துப் போன் கேமராவில் படமெடுத்து விடுங்கள், அப்புறம் படியுங்கள். பழைய முத்திரைத்தாள் மடிப்பில் உடையும். பத்து தடவை பிரித்து மடித்தால் மடிப்பில் இருக்கிற எழுத்துதான் முதலில் போகும். பெயர்கள் பாதி மடிப்பில்தான் இருக்கும், அது நம் தலையெழுத்து. பத்திரத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். பதிவு எண், வருஷம், ரேகை, எழுதிக் கொடுத்தவரை யார் அடையாளம் காட்டினார்கள் என்பதெல்லாம் பின்னால்தான் இருக்கும்.

படிப்பதுதான் பெரிய பாடு. அந்தக் காலத்துக் கையெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள். துணைக்காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும். கொம்பு ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பதில் பயனில்லை, இரண்டுக்கும் ஒரே கொம்புதான் போடுவார்கள். 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னை எல்லாம் வேறு உருவம். இப்படி எழுதிய 'காரோணம்' என்ற சொல்லை அந்தப் பெயரைக் கேள்விப்படாத ஒருவர் படித்தால் என்ன படிப்பார்? எங்கள் வயலின் இன்றைய கணினிப் பட்டாவில், பழைய உரிமையாளர் இடத்தில் 'காரணம்' என்று இருக்கிறது. என்ன காரணம் என்று கேட்டால் இதுதான் காரணம். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். பதிவின்போது ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார், அதைப் பார்த்து இன்னொருவர் கணினியில் ஏற்றியிருக்கிறார். அதற்கு முந்தைய ஒரு கிஸ்தி ரசீதில் 'கரணம்'. சித்தப்பா கையில் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ரசீதைத்தான்.

ஆகவே புதிய ஆவணத்திலிருந்து பழையதுக்குப் போகும்போது பெயர் வேறு வேறு உருவத்தில் வரும் என்று எதிர்பார்த்தே தேட வேண்டும். நான் ஒரு நோட்டில் அந்தப் பெயர் எப்படியெல்லாம் தவறாகப் படிக்கப்படலாம் என்று எழுதி வைத்துக்கொண்டேன். காரணம், கரணம், கர்ணம், காரொணம், காரோனம், கரோணம். பிற்பாடு பதிவு அலுவலகத்தில் இந்தப் பட்டியல்தான் கைகொடுத்தது.

கர்ணம் என்ற வாதத்தை முடிக்கப் பத்திரமே போதுமானதாக இருந்தது. பழைய பத்திரங்களில் ஆளை அடையாளம் சொல்வதில் ஒரு முறை உண்டு. தாலுகா, கிராமம், தகப்பனார் பெயர், சாதி, தொழில், அதற்கப்புறம்தான் பெயர். 'இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் விவசாய ஜீவனம் காரோணம்' என்று போகும். கர்ணமாக இருந்திருந்தால் அந்தக் கௌரவத்தை எழுதாமல் விட்டிருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு ஒரு கிரயப் பத்திரத்தில் சாட்சியாக 'மேற்படி கிராம கர்ணம்' என்று வேறொருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கிராமத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கர்ணம் இருக்க வாய்ப்பில்லை. 1980இல் கர்ணம் முதலிய கிராம அதிகாரிகள் பதவியையே அரசு எடுத்துவிட்டது. அதற்கு முன்னால் ஊரில் யார் கர்ணம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஊரில் மூத்தவர்கள் இன்றும் அந்தக் குடும்பத்தைக் 'கணக்கப்பிள்ளை வீடு' என்றுதான் சொல்கிறார்கள். அது எங்கள் வீடு இல்லை.

இனி பெரியப்பா. ஜாதகக் கட்டில் அவருடைய ஜாதகமும் இருந்தது. 'ஜனனீ ஜன்ம ஸௌக்யானாம்' என்று வழக்கமாகத் தொடங்கி, வெகுதானிய வருஷம் இன்ன மாதம் என்று போய், குழந்தையின் பெயர் 'காயாரோகணம்' என்று தெளிவாக, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. பள்ளிச் சான்றிதழில் அவர் துரைராஜ். வீட்டில் துரை. நேரில் போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஆமாம்மா, தாத்தா பேரை எனக்குத்தான் வச்சாங்க. பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப நானே அழுது மாத்தினேனாம்" என்றார். அவர் அழுதது மட்டும் காரணமில்லை. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் வழக்கம். அப்பாயி தன் பிள்ளையைக் கூப்பிட வேண்டுமே? அதனால் துரை, ராஜா, தம்பி. இப்படித்தான் நிறையக் குடும்பங்களில் அசல் பெயர் ஜாதகத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் மூத்த பேரனுக்கும் மூத்த பேத்திக்கும் கூப்பிடும் பெயர் ஒன்று, ஜாதகப் பெயர் ஒன்று என்று இருந்தால், அந்த ஜாதகப் பெயரைக் கட்டாயம் பாருங்கள். இரண்டு தலைமுறைக்கு முந்தைய ஆளின் முழுப் பெயர் அங்கே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஜாதகத்திலும் பத்திரத்திலும் வருஷக் கணக்கில் கொஞ்சம் கவனம் வேண்டும். தமிழ் வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். வெகுதானிய என்றால் 1938-39ஆகவும் இருக்கலாம், 1998-99ஆகவும் இருக்கலாம். பெரியப்பா விஷயத்தில் குழப்பமில்லை, ஆனால் கொள்ளுத்தாத்தா காலத்து ஓலையில் குழப்பம் வரும். கிஸ்தி ரசீதில் வரி வசூலுக்கான பசலி வருஷம் போட்டிருப்பார்கள். பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும். பசலி ஜூலையில் தொடங்குவதால், 1340 என்றால் 1930 ஜூலையிலிருந்து 1931 ஜூன் வரை.

சரி, காயாரோகணம் கிடைத்துவிட்டது. அதுதான் மருவிக் காரோணம் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் காரோணம் என்பது கோயில் பெயர்தான், தம்பி சொன்னதில் பாதி சரி. ஆனால் காரோணம் ஒன்று இல்லை. தேவாரத்தில் குடந்தைக் காரோணம் இருக்கிறது. இன்று மகாமகக் குளத்தங்கரையில் இருக்கிற காசி விசுவநாதர் கோயில். நாகைக் காரோணம் இருக்கிறது. நாகப்பட்டினம் காயாரோகணசுவாமி கோயில், சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியது. காஞ்சிபுரத்தில் வேறு ஒன்று. காஞ்சியை விட்டுவிடலாம். ஆனால் நன்னிலத்துக்காரர்களுக்கு மேற்கே கும்பகோணமும் கிழக்கே நாகையும் இரண்டுமே போய்வரும் ஊர்கள். வரைபடத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இந்த இடத்தில் பெயருக்கு விளக்கம் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் நாள்தான் போகும். புண்டரீக முனிவர் உடம்போடு இறைவனோடு கலந்த கதையை நாகையில் சொல்வார்கள், கும்பகோணத்தில் வேறு கதை சொல்வார்கள். இரண்டும் நல்ல கதைகள்தான், ஆனால் எங்கள் தாத்தா யார் என்பதை இரண்டும் சொல்லாது. கூடப் பிறந்தவர்களுக்கு என்ன பெயர் என்று பார்ப்பதுதான் வழி. டெல்டாவில் தனியாக நிற்கிற ஒரு பெயரைவிட, அண்ணன் தங்கை பெயர்களைச் சேர்த்து வைத்தால் ஊர் தானாக வெளியே வரும்.

எங்களுக்கு 'நீலா பாட்டி' என்று ஒரு பெயர் கதைகளில் வரும். கொள்ளுத்தாத்தாவின் தங்கை. குளத்தில் விழுந்த வளையலை எடுக்க இறங்கி மீன் பிடித்துக்கொண்டு வந்தவர் என்பார்கள், அந்தக் கதையை நான் நம்பவில்லை. அவர் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் பெட்டியில் இருந்தது. அதில் 'நீலாயதாக்ஷி அம்மாள்' என்று கீறலாக எழுதி, இடது கைப் பெருவிரல் ரேகை. அவ்வளவுதான், கும்பகோணம் கழன்றுகொண்டது. காசி விசாலாட்சி, காஞ்சி காமாட்சி, மதுரை மீனாட்சி, நாகை நீலாயதாட்சி என்று சொல்வார்களே, அந்த நாகை அம்மன். குடந்தைக் காரோணத்தில் அம்மன் விசாலாட்சி. தங்கை பெயர் விசாலாட்சியாக இருந்திருந்தால் நான் கும்பகோணம் போயிருப்பேன்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சொந்தக்காரர்கள் பெயர்களையெல்லாம் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். அபயாம்பாள் என்றால் மயிலாடுதுறை. தையல்நாயகி என்றால் வைத்தீஸ்வரன்கோயில். சட்டைநாதன் சீர்காழி, ஐயாறப்பன் திருவையாறு, மகாலிங்கம் திருவிடைமருதூர், சௌரிராஜன் திருக்கண்ணபுரம். இந்துக் குடும்பத்தில் பக்கிரிசாமி என்று ஒருவர் இருந்தால் நாகூர் தர்காவில் வேண்டிக்கொண்டு பிறந்தவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். பிச்சை, குப்பு, தவிடு என்று வருகிற பெயர்கள் ஊர்ப் பெயர்கள் இல்லை. அந்தக் குழந்தைக்கு முன்னால் பிறந்தவை தங்காமல் போயிருக்கின்றன, கண் படாமல் இருக்க இப்படி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைப் பார்த்தால் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் அதற்கு முந்தைய சில வருஷங்களையும் பாருங்கள். எல்லாப் பெயரும் இப்படி விலாசம் சொல்லாது. அபிராமி திருக்கடையூர்தான், ஆனால் இன்று எந்த ஊரிலும் அபிராமி உண்டு. மாசிலாமணி என்றால் திருவாவடுதுறையா, தரங்கம்பாடிக் கடற்கரைக் கோயிலா என்று கேட்க வேண்டும். அரிதான பெயர்தான் நன்றாக வழிகாட்டும். அந்த வகையில் காரோணம் என்று வைத்தது எங்களுக்கு அதிர்ஷ்டம். சுப்பிரமணியன் என்று வைத்திருந்தால் நான் இன்னும் பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த கேள்வி: நன்னிலத்துக் குடும்பத்தில் நாகை சாமி எப்படி வந்தார்? எங்கள் குலதெய்வம் ஊர் ஐயனார். அப்பா வழியில் யாருக்கும் நாகையோடு சம்பந்தமில்லை. அத்தைதான் ஒரே வரியில் சொன்னார்: "தலைப்பிரசவம் அம்மா வீட்டுல தானேடி?" அதாவது கொள்ளுத்தாத்தாவின் அம்மா எந்த ஊர்? யாருக்கும் தெரியவில்லை. குடும்ப மரம் வரைந்தால் ஆண் பெயர்களே நூல் பிடித்த மாதிரி மேலே போகின்றன, அந்தப் பெண்களின் ஊர் எங்கேயும் இல்லை.

இதற்குத்தான் பதிவு அலுவலகம் போனேன். பலருக்கு வில்லங்கச் சான்று போடத் தெரியும். அது சர்வே எண்ணை வைத்துச் சொத்து வாரியாகத் தேடுவது. ஆனால் 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்களைப் படியெடுத்து வைக்கிற 1ஆம் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று சொத்து வாரியாக, இன்னொன்று ஆட்கள் பெயர் வாரியாக. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயரை வைத்தே தேடலாம். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். உயில் அப்படி இல்லை, அது 3ஆம் புத்தகம், அதற்கு வேறு விதி. பழைய காலத்துக்கு இணையத்தில் தேடிப் பயனில்லை, மனு எழுதிக் கொடுக்க வேண்டும். காலையில் கூட்டம் இருக்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். மத்தியானத்துக்கு மேல் போய், என்ன வருஷத்திலிருந்து என்ன வருஷம் வரை, என்னென்ன எழுத்துப்படியில் பெயர் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தால், தேடுகிறவருக்கும் எரிச்சல் வராது. என் 'காரணம், கரணம்' பட்டியலைப் பார்த்து அங்கே இருந்த பெரியவர் சிரித்துவிட்டு, அவரே இன்னொரு எழுத்துப்படியைச் சேர்த்தார்.

மாவட்டப் பிரிவினையையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்திரத்தில் எல்லாமே தஞ்சாவூர் ஜில்லாதான். 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. இன்று உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் பழைய புத்தகமும் இருக்கும் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரம் பதிவானது என்பதைப் பின்பக்க முத்திரையில் பார்த்துவிட்டு, அந்தப் புத்தகங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

பிறப்புப் பதிவேட்டில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் பெயரைத் தேடுவதே வீண் என்பேன். பிறந்த சில நாளில் பதிந்துவிடுவார்கள், பெயர் வைப்பது அப்புறம். 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரையும் தேதியையும் வைத்துத்தான் பார்க்க முடியும். தலைப்பிள்ளையென்றால் அம்மா பிறந்த ஊர்ப் பதிவேட்டில் பார்க்க வேண்டும், அந்த ஊர்தான் எங்களுக்குத் தெரியாதே.

பத்திர நகல் வந்தபோது நான் முதலில் பார்த்தது சாட்சிகளை. இதை அழுத்திச் சொல்கிறேன்: வாங்கியவரும் விற்றவரும் நமக்கு முன்பே தெரிந்தவர்கள், சாட்சிகள்தான் புதியவர்கள். அவசரத்துக்கு எழுத்தர் கூப்பிட்ட ஆட்களாகவும் இருக்கலாம், ஆனால் குடும்பத்துக்குள் பாகம் பிரிக்கிற பத்திரத்தில் சாட்சிகள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். கொள்ளுத்தாத்தாவும் அவர் தம்பியும் இரண்டு வேலி நிலத்தைப் பிரித்துக்கொண்ட பாகப்பத்திரம் அது. இரண்டாவது சாட்சி, 'நாகப்பட்டினம் வெளிப்பாளையத்திலிருக்கும்' ஒருவர், பெயருக்குக் கீழே 'மேற்படியார்களின் அம்மான்'. அம்மாவின் அண்ணனோ தம்பியோ. பாகம் பிரிக்கத் தாய்மாமனைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். அத்தை சொன்னது சரி.

அதற்கப்புறம் நாகப்பட்டினத்து வாக்காளர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். தேர்தல் துறைத் தளத்தில் யாரும் பார்க்கலாம். வாக்காளர் பெயரை விடுங்கள், பக்கத்தில் தந்தை பெயர் என்று இருக்கிறதே, அதில்தான் பழைய பெயர்கள் இருக்கும். தேடுபெட்டியில் தமிழில் அடித்தால் பெரும்பாலும் வராது, கண்ணால்தான் ஓட்ட வேண்டும். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தால் ஒரு பெயர் எந்தத் தெருக்களில் குவிந்திருக்கிறது என்பது தெரியும். எங்கள் தாலுகாவில் ஒரு காயாரோகணம்கூட இல்லை. அங்கே தந்தை பெயராக அவ்வப்போது வந்துகொண்டே இருந்தது.

ஆடிப்பூரத்தை ஒட்டி நாகைக்குப் போனேன். நீலாயதாட்சிக்கு அதுதான் பெரிய திருவிழா. கூட்டத்தில் யாரிடம் என்ன கேட்பது? கோயிலில் யாருக்கு யார் பெயர் வைத்தார்கள் என்று எந்தப் பதிவும் இருக்காது, அதைத் தேடிக்கொண்டு குருக்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, சுந்தர விடங்கரையும் பார்த்துவிட்டு, வெளிப்பாளையத்துக்கு நடந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? எங்க சின்ன வயசுல தெருவுக்கு ஒரு காரோணம் இருப்பாங்க. பெரிய காரோணம், கடைக்காரக் காரோணம், நொண்டிக் காரோணம்னு பிரிச்சுக் கூப்பிடுவோம்" என்றார். எங்கள் ஊரில் கர்ணம், கர்ணன் என்றெல்லாம் மண்டையைக் குழப்பிய பெயர், இங்கே முன்னொட்டு இல்லாமல் கூப்பிட முடியாத அளவுக்குச் சாதாரணம். அந்த அம்மான் குடும்பத்தை அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம்.

எல்லாவற்றையும் தேதி வாரியாகத் தட்டச்சு செய்து, படங்களோடு குடும்பக் குழுவில் போட்டேன். எது பத்திரத்தில் இருக்கிறது, எது அத்தை சொன்னது, எது என் ஊகம் என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறேன். பேரன் பேத்திகள் படிக்கும்போது மூன்றும் கலந்துவிடக்கூடாது. பெரியப்பா அன்றைக்கு முதல் தடவையாகக் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டார், தன் ஜாதகப் பெயரைத் தானே சொல்லி. சித்தப்பா கர்ணத்தை விடவில்லை. சாட்சி போட்ட கர்ணம் பக்கத்துக் கிராமத்து ஆளாக இருக்கலாம் என்கிறார்.

இப்போது வேறொன்று முளைத்திருக்கிறது. அதே பாகப்பத்திரத்தில் கொள்ளுத்தாத்தாவின் அம்மாவுக்கு ஜீவனாம்சமாகக் கொஞ்சம் நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவர் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு தடவை 'சௌரியம்மாள்' என்று தெரிகிறது, இன்னொரு தடவை 'சவரியம்மாள்' என்று தெரிகிறது. முதலாவது என்றால் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள். இரண்டாவது என்றால் சவேரியார், கத்தோலிக்கக் குடும்பங்களில் வைக்கிற பெயர். அவருடைய கூடப் பிறந்தவர்களின் பெயர்களைத் தேடப் பெயர் வாரி அட்டவணைக்கு மறுபடியும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.